மிஸ் வீட்டுச் சாவிப் பலகை

எனக்குக் கோபம் அதிகம். நான் சொல்லித்தான் இது எங்கள் தெருவுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக உட்கார்ந்து "ஹலோ, ஹலோ" என்று கத்திக் கத்தித் தேறிய தொண்டை. மாடியில் நின்று கீரைக்காரம்மாவைக் கூப்பிட்டால் பக்கத்துத் தெருவில் போகிற கீரைக்காரம்மாவும் திரும்பிப் பார்ப்பாள். அதனால்தான், மிஸ் இறந்து இரண்டு வாரம் கழித்து அவருடைய தம்பி என்னைத் தேடி வந்து, "ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருக்காரங்க எல்லாரும் வராங்க. நீங்க இருந்தா மைக் வேண்டாம். கொஞ்சம் நடத்திக் கொடுக்கணும்" என்றபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பயமாகத்தான் இருந்தது. மிஸ்ஸிடம் நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. இன்றைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று வருஷக்கணக்காகத் தள்ளிப் போட்டேன். அவர் முந்திக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் தெரு மயிலாப்பூரில், குளத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. காலையில் ஒரு பக்கம் கோயில் மணி, இன்னொரு பக்கம் மாதா கோயில் மணி. இந்த இரண்டுக்கும் நடுவில் படுத்துத் தூங்குகிறவர்களுக்கு அலாரம் தேவையில்லை. தெருவின் ஒரு முனை மேடு, மறு முனை பள்ளம். மழை வந்தால் மேட்டு வீட்டுக்காரர்கள் பஜ்ஜி போடுவார்கள், பள்ளத்து வீட்டுக்காரர்கள் பாயைச் சுருட்டுவார்கள். என் வீடு பள்ளத்தில்தான், ஆனால் முதல் மாடி. அதனால் எனக்கும் எப்போதும் பஜ்ஜிதான்.

மிஸ் தெருவின் நடுவில் இருந்தார். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தலைமுறை தலைமுறையாக அந்த மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயரான தம்பியும் அவரும்தான் வீட்டில். அவரிடம் படித்தவர்கள் "மிஸ்" என்று கூப்பிட்டார்கள், அதைக் கேட்டு அவர்களுடைய அப்பா அம்மாவும் கூப்பிட்டார்கள், பிறகு அவரைவிடப் பத்து வயது மூத்த, மேட்டு முனை வீட்டு மாமாகூட "என்ன மிஸ், தண்ணி லாரி எப்போ?" என்று கேட்க ஆரம்பித்தார். எங்கள் தெரு குடியிருப்போர் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருஷம் அவர்தான் செக்ரட்டரி. வருஷா வருஷம் தேர்தல் உண்டு. "வேற யாராவது நிக்கறீங்களா?" என்று அவர் கேட்பார். எல்லாரும் தரையைப் பார்ப்போம். தேர்தல் முடிந்துவிடும்.

அவர் வேலை செய்கிற விதமே தனி. கோபப்பட மாட்டார், மனு எழுத மாட்டார், பேப்பருக்குப் போன் பண்ணுவேன் என்று மிரட்ட மாட்டார். தெருவிளக்கு எரியவில்லையா, பாதாளச் சாக்கடை மூடி உடைந்துவிட்டதா, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அந்தந்த அலுவலகத்துக்குக் கிளம்பிவிடுவார். அது நாலு அடுக்கு டப்பா. மத்தியானம் வரை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டு நேரம் வந்ததும் டப்பாவை அதிகாரியின் மேஜையில் திறந்து வைத்து, "சாப்பிட்டீங்களா சார்? ரெண்டு பேருக்குக் கொண்டு வந்திருக்கேன்" என்பார். ஒரு இளம் இன்ஜினியர் மூன்று நாள் தொடர்ந்து அவர் செய்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, நாலாம் நாள் தானே ஜீப்பில் வந்து நின்று மூடியைப் போட்டுவிட்டுப் போனார். ஜீப்பில் ஏறும்போது, "மேடம், நாளைக்கு வராதீங்க. வயித்துல பெல்ட் மாட்ட முடியலை" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன், சத்தியமாகச் சொன்னார்.

ஆனால் தெரு அவரை நம்பியது விளக்குக்காகவும் மூடிக்காகவும் அல்ல, சாவிக்காக.

எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். பிரசவம், பேரனுக்குக் காதுகுத்து, மருமகளுக்கு லீவு இல்லை என்று ஏதாவது ஒரு காரணத்துக்காக யாராவது ஒருவர் எப்போதும் ஊரில் இல்லாமல் இருப்பார். போகும்போது ஒரு சாவியை மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வந்ததும் யாரும் அதைத் திருப்பி வாங்க மாட்டார்கள். அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். அப்படிச் சேர்ந்த சாவிகளுக்காக அவர் தம்பி ஒரு பலகையில் வரிசையாகக் கொக்கி அடித்து, சமையலறைக்குள் மாட்டிக் கொடுத்திருந்தார். மிஸ் துளசிக்குத் தண்ணீர் விடுவார், மீன் தொட்டிக்கு இரை போடுவார், கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைப்பார். அந்தப் பலகைக்குப் பக்கத்தில் யாரையும் விட்டதில்லை. சாவியில் வீட்டு நம்பர் எழுதியிருக்கிறீர்களா என்று ஒருமுறை கேட்டேன். "நம்பர் எழுதினா திருடனுக்கு நாமளே அட்ரஸ் கொடுத்த மாதிரி ஆயிடும் மா. எனக்கு மட்டும் புரியற மாதிரி எழுதியிருக்கேன்" என்றார். என் சாவியும் அந்தப் பலகையில் இருந்தது.

இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாத மழையில் அது போனது.

அப்போது நான் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தேன். பேத்தி பிறந்து பத்து நாள். டி.வி.யில் சென்னை மழை ஓடிக்கொண்டிருந்தது. எனக்கென்ன, முதல் மாடி. போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன், மிஸ். சங்கக் கூட்டத்து மினிட்ஸை நான்தான் எழுதுவேன், மூன்று மாதம் பாக்கி வைத்திருந்தேன். அதற்குத்தான் நச்சரிக்கிறார் என்று நினைத்து போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுபடி அடித்தது. மறுபடியும் அடித்தது. மொத்தம் ஒன்பது தடவை. ஊரார் போனையெல்லாம் எடுத்தே சம்பளம் வாங்கியவள், அன்றைக்கு எடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்து கதவைத் திறந்தேன். வீடு பளபளவென்று இருந்தது. அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம், நான் விட்டுவிட்டுப் போனது அப்படி இல்லையே. சமையலறையில் எவர்சில்வர் டப்பாக்கள் உயர வாரியாக அடுக்கியிருந்தன. பச்சரிசி வைத்திருந்த டிரம்மில் புழுங்கலரிசி இருந்தது. படுக்கையறைச் சுவரில், என் முழங்கால் உயரத்துக்கு, யாரோ நீலக் கிரேயானில் ஒரு படகு வரைந்திருந்தார்கள். கீழ் வீட்டுப் பெண்ணைக் கேட்டேன். தெருமுனையில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடுகிறவர் குடும்பமும், அவருக்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டு குடும்பங்களும் நாலு நாள் என் வீட்டில் இருந்தார்கள், அவர்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், மிஸ்தான் கதவைத் திறந்துவிட்டார் என்றாள்.

செருப்பைக்கூட மாட்டவில்லை. நேரே மிஸ் வீட்டுக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே நின்றேன்.

"என் வீடு என்ன சத்திரமா? என்னைக் கேக்காம எப்படித் திறந்தீங்க?"

மிஸ் அப்போதுதான் பூந்தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சொம்பைக் கீழே வைத்தார். "கேக்கலாம்னுதான் மா போன் பண்ணேன். ஒன்பது தடவை."

அங்கேயே நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "எனக்கு ஒரு போனும் வரலை" என்றேன்.

மிஸ் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். நாற்பது வருஷம் 'ஹோம்வொர்க் நோட்டை நாய் கடிச்சுட்டுது மிஸ்' என்பதைக் கேட்டவருக்குப் பொய்யைப் பார்க்கத் தெரியாதா என்ன? "அப்படியா? லைன் கிடைக்கலை போல" என்றார். நான் சாவியைக் கேட்டேன். உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தார். "சாப்பிட்டியா?" என்று கேட்டார். திரும்பி நடந்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் மிஸ் என்னிடம் பழையபடியேதான் இருந்தார். கிறிஸ்துமஸுக்குக் கேக் வந்தது. சரஸ்வதி பூஜைக்கு நான் கொடுத்த சுண்டலை வாங்கிக்கொண்டார், உப்பு குறைச்சல் என்று சொல்லவும் செய்தார். மினிட்ஸை நான் ஒரு நாள்கூடப் பாக்கி வைக்காமல் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் நோட்டை நீட்டும்போது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பேன். "மழைநீர் வடிகால்னு எழுதினியா, ஸ்பெல்லிங் சரியா இருக்கா?" என்பார். அவ்வளவுதான், வந்துவிடுவேன். பெங்களூர் போகும்போதெல்லாம் பூட்டிச் சாவியை என்னோடு எடுத்துக்கொண்டு போனேன். மூன்று தடவை துளசி காய்ந்து போனது. சாவியைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் கூடவே மன்னிப்பும் அல்லவா கேட்க வேண்டும்? எனக்கு அது வரவில்லை. வெட்கமாக இருந்தது, வேறு ஒன்றும் இல்லை.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நான் ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்துக்கொண்டேன். இரண்டு பக்கம். அதில் கடைசிப் பத்தியில், எல்லார் முன்னாலும், ஒன்பது போனும் வந்தது என்று சொல்லிவிடுவதாக எழுதியிருந்தேன். கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு போனேன்.

மிஸ் வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். மேஜையில் அவர் போட்டோ, மெழுகுவத்தி, மல்லிகை மாலை. பக்கத்தில் ஒரு பெரிய தாம்பாளம் நிறையப் போண்டா. நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தார்கள். நான் எழுந்து தொண்டையைக் கனைத்தேன். மிஸ்ஸின் தம்பி கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒரு நிமிஷம். அக்கா ஆஸ்பத்திரியில இருக்கும்போதே எழுதிக் கொடுத்திருக்காங்க" என்று ஒரு துண்டுக் காகிதத்தைப் படித்தார். "யாரும் பேச வேண்டாம். புகழ்ந்தால் எனக்குச் சிரிப்பு வரும். போண்டா கொடு. சாவியை அவரவரிடம் சேர்த்துவிடு."

என் இரண்டு பக்கப் பேச்சு கைப்பைக்குள்ளேயே நின்றது.

தம்பி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். அந்த மாதக் கடைசியில் அவர் ஆதம்பாக்கத்தில் இருக்கும் மகனோடு போய் இருக்கப் போகிறார். வீட்டைக் காலி செய்ய வேண்டும். பலகையில் முப்பத்தொரு சாவி இருக்கிறது. எது யாருடையது என்று அவருக்குத் தெரியாது. "அக்கா எழுதின சீட்டு ஒவ்வொண்ணுலயும் தொங்குது. ஆனா படிச்சா எனக்கு ஒண்ணும் விளங்கலை" என்று பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் சாய்த்து வைத்தார்.

பழைய பிராக்ரஸ் ரிப்போர்ட் அட்டைகளைக் கத்தரித்துச் செய்த சின்னச் சின்னச் சீட்டுகள். மிஸ்ஸின் உருண்டைக் கையெழுத்து, சிவப்பு மை. பிராக்ரஸ் ரிப்போர்ட்டில் மார்க்குக்குக் கீழே ஆசிரியர் குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்குமே, அந்தக் கட்டத்தில் எழுதுவதுபோல ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி எழுதியிருந்தார். அதுதான் அவருக்கு மட்டும் புரிகிற அடையாளம். எங்கள் வீடுகளை அவர் நம்பரால் அல்ல, எங்கள் லட்சணத்தால் ஞாபகம் வைத்திருந்தார்.

பேச்சுக்குத் தடை, வாசிக்கத் தடை இல்லையே. நான் ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தேன்.

"நாய் குரைக்கும். மாமா அதைவிட."

யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரித்தார். மேட்டு முனை மாமா விறைத்துக்கொண்டு, "இது எங்காத்து சாவியே இல்லை. எங்காத்து நாய் குரைக்கவே குரைக்காது" என்றார். பக்கத்திலிருந்த மாமி, "நாய் விஷயம் சரிதான். மீதிக்காக வாங்கிண்டு வாங்கோ" என்றாள். மாமா எழுந்து வந்து வாங்கிக்கொண்டார்.

"பேச ஆரம்பித்தால் மணி அடிக்கும்வரை நிறுத்த மாட்டார்." ஒருவரும் எழவில்லை. எல்லாரும் பேங்கில் மேனேஜராக இருந்த பெரியவரையே பார்த்தார்கள். அவரும் யார் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் மனைவி வந்து சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

"முயற்சி போதாது." புதிதாக வந்த ஐ.டி. தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "குப்பையைப் பிரிச்சு வைக்கச் சொன்னாங்க. நாங்க..." என்று அந்தப் பையன் தலையைச் சொறிந்தான். "சாவி உங்களுதுதான்" என்றேன்.

சிரிப்புக்கு நடுவில் போண்டா இரண்டாம் சுற்று வந்தது. துக்க வீடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் சிக்கல் எங்கே வந்தது தெரியுமா, நல்ல குறிப்பில்தான்.

"கேட்காமலே காபி தருவார்கள். மனசும் டிகாஷனும் திடம்."

ஒரே நேரத்தில் நாலு பேர் எழுந்தார்கள். மாமி, பேங்க் பெரியவர் மனைவி, மூன்றாம் வீட்டு டாக்டர் அம்மா, கூட நானும். நானும் எழுந்தேன் என்பதை ஒளிக்க மாட்டேன். என் சாவிதான் அந்தப் பலகையில் இல்லையே என்ற ஞாபகம் அதற்குப் பிறகுதான் வந்தது. உட்கார்ந்துகொண்டேன். மற்ற மூவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. முன்பே சாவி வாங்கிவிட்ட இரண்டு பேரும், அது மாறி வந்துவிட்டது, இதுதான் எங்களுது என்றார்கள். கடைசியில் சாவியைக் கொண்டுபோய்ப் பூட்டில் போட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. தெருவே எழுந்து ஊர்வலமாகப் போனது. டாக்டர் வீட்டுப் பூட்டில் சாவி நுழையவே இல்லை. பேங்க் வீட்டில் நுழைந்தது, திரும்பவில்லை. மாமி வீட்டில் உள்ளேயிருந்து நாய் குரைத்தது, அவ்வளவுதான். மாமா வானத்தைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது பின்னால் வந்துகொண்டிருந்த இஸ்திரிக்காரர் மெதுவாகச் சொன்னார். "அது எங்கூட்டு சாவி மா."

எல்லாரும் நின்றோம்.

"மிஸ்ஸு தெனம் காலைல கோயிலுக்குப் போய்ட்டு வரச்சொல்ல எங்கூட்டாண்ட குந்தி காபி குடிச்சுட்டுத்தான் போவும். நீங்கல்லாம் உங்களுதுன்றீங்க, நான் இன்னான்னு சொல்றது? அதான் பேசாம வந்துகினு கீறேன்."

ஒற்றை அறை வீடு. பூட்டுகூடச் சின்னது. சாவி போட்டதும் திறந்துகொண்டது. அவருக்கும் ஒரு பயணம் இருந்திருக்கிறது, பெண்ணைப் பார்க்கத் திண்டிவனம் போவார். அப்போது மிஸ்ஸிடம் சாவி கொடுத்துவிட்டுப் போவாராம். எங்கள் யாருக்கும் அது தெரியாது. டாக்டர் அம்மா முதலில் சிரித்தார், பிறகு எல்லாரும் சிரித்தோம். இஸ்திரிக்காரரும் சிரித்தார்.

முற்றத்துக்குத் திரும்பி வந்து மீதிச் சாவிகளையும் கொடுத்து முடித்தேன். பலகை காலியாகிவிட்டது. மிஸ்ஸின் தம்பி அதைத் தூக்கப் போனவர் நின்று குனிந்து பார்த்தார். கடைசி வரிசை ஓரத்தில் ஒரு கொக்கியில் சாவி இல்லாமல் சீட்டு மட்டும் தொங்கியது.

"இது உங்களுதுன்னு நினைக்கறேன்" என்று கழற்றி என்னிடம் கொடுத்தார்.

வாங்கினேன். முதல் வரி: "கோபம் அதிகம். கவனிக்கவும்." அந்த வரியை ஸ்கேல் வைத்து ஒரே கோடாக அடித்திருந்தார். கீழே புது வரி: "மழையில் மூன்று குடும்பங்களுக்கு இடம் கொடுத்தவர்." பக்கத்தில் சின்னதாக அவர் இனிஷியல், தேதி. மார்க் ரெஜிஸ்டரில் ஒன்றை அடித்துத் திருத்தினால் டீச்சர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுத வேண்டும், அந்தப் பழக்கம். தேதியை என்னால் மறக்க முடியுமா? நான் பெங்களூரிலிருந்து வந்த நாள். கேட்டுக்கு வெளியே நின்று கத்திய நாள். என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய், ஸ்கேலைத் தேடி எடுத்து, இதை எழுதி, சாவியில்லாத கொக்கியில் மாட்டியிருக்கிறார்.

அழுதேன். என் தொண்டைக்கு அழுகையும் சின்னதாக வராது.

"இது பொய்" என்றேன். "நான் இடம் கொடுக்கலை. மிஸ் ஒன்பது தடவை போன் பண்ணாங்க. பார்த்துட்டே எடுக்காம இருந்தேன். அப்புறம் வந்து, போனே வரலைன்னு அவங்க மூஞ்சிக்கு நேரா பொய் சொன்னேன்."

கைப்பைக்குள் இருந்த இரண்டு பக்கத்தில் எவ்வளவோ அழகாக எழுதியிருந்தேன். வந்தது இவ்வளவுதான்.

மாமி என் முதுகைத் தடவினாள். "எங்களுக்குத் தெரியாதா என்ன? நீ அன்னிக்குக் கத்தினது குளத்தங்கரை வரைக்கும் கேட்டுதே."

என்னால் இஸ்திரிக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர்தான் கிட்டே வந்தார்.

"எனக்கும் கேட்டுச்சு மா. சத்திரமான்னு கேட்ட இல்ல, அது. நான் போயி மிஸ்ஸாண்ட கேட்டேன், இன்னா மிஸ்ஸு, அந்தம்மா போன்ல சரின்னு சொல்லிச்சுன்னு சொன்னியே, இப்ப இப்டி கத்துதேன்னு. அதுக்கு மிஸ்ஸு, 'கத்தறது அவ வாய். நாலு நாள் உங்களை வெச்சுக்கிட்டது அவ வீடு. நீ வீட்டை ஞாபகம் வெச்சுக்கோ'ன்னுச்சு. அன்னிலேர்ந்து வண்டியில காலைல மொதல்ல போடறது உன் புடவதான் மா. நீ கவனிச்சதில்ல?"

கவனித்ததில்லை. காலையில் ஏழு மணிக்கே புடவை வந்துவிடுகிறதே, இவருக்கு வேறு வாடிக்கை இல்லை போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறேன்.

மிஸ்ஸின் தம்பி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அக்கா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. இது ஒண்ணுதான் போல" என்றார்.

கலைகிற நேரத்தில்தான் மாமி அந்தக் கேள்வியைக் கேட்டாள். "அடுத்த மாசம் பொண்ணாத்துக்குப் போறோம். சாவியை இனிமே யார்கிட்ட கொடுக்கறது?" கையில் சாவியை வைத்துக்கொண்டு எல்லாரும் நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராக என்னைப் பார்த்தார்கள்.

"என்னைப் பார்க்காதீங்க" என்றேன். "நான் போன் எடுக்காதவ." இஸ்திரிக்காரர் பக்கம் திரும்பினேன். "நீதாம்பா காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இந்தத் தெருவுல நிக்கற. யார் வராங்க, யார் போறாங்கன்னு உனக்குத் தெரியாததா?"

ஒருவரும் சாவியை நீட்டவில்லை. எதற்காக அந்தத் தயக்கம் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதே தயக்கத்தைக் கேட்டுக்கு வெளியே நின்று சத்தமாகச் சொன்னவள்தானே நான். அப்போது மாமா வந்தார். தன் சாவியை, நாய்ச் சீட்டோடு, இஸ்திரிக்காரர் கையில் வைத்தார். "தினம் ரெண்டு வேளை நாய்க்குத் தயிர்சாதம். சூடா கொடுக்கப்படாது" என்றார். அதற்குப் பிறகு மற்றவர்களும் வரிசையில் வந்தார்கள். மிஸ்ஸின் தம்பி பலகையைத் தூக்கி அவர் தோளில் வைத்தார்.

"நைனா, இது இன்னா கனம் கனக்குது" என்று சிரித்துக்கொண்டே போனார் இஸ்திரிக்காரர்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு நானே கீழே இறங்கித் தெருமுனைக்குப் போனேன். அவர் வண்டியில் என் புடவைதான் விரித்திருந்தது. வண்டிக்குப் பின்னாலேயே இருந்த அவர் வீட்டு வாசல் வழியாகப் பார்த்தால் உள்சுவரில் பலகை மாட்டியிருந்தது தெரிந்தது. அவர் மனைவி கேட்காமலே காபி கொண்டு வந்து கொடுத்தாள். டிகாஷன் மிஸ் எழுதியபடிதான் இருந்தது. குடித்து முடித்துவிட்டு, சீட்டைக் கட்டிய என் வீட்டுச் சாவியை அவரிடம் நீட்டினேன். சீட்டில் நான் எதையும் மாற்றவில்லை.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "இன்னா மா, ஊருக்குப் போறியா?"

"இல்லப்பா. இங்கதான் இருக்கேன்."

"அப்ப இன்னாத்துக்கு சாவி?"

"மழை வரும்ல" என்றேன்.